கலப்பு மீன்தொட்டி: நம்ம ஊர்த் தண்ணிக்கு எந்த மீன் ஒத்துப்போகும்? நெல்லை, தென்காசிப் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் ஊருக்கு ஒருவராகச் சொன்ன அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை

பல வகை மீன்களை ஒரே தொட்டியில் சேர்த்து வளர்க்கும்போது எந்த மீன் எதைக் கடிக்கும் என்ற கேள்வி இரண்டாவதுதான். வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாமிரபரணி பொதிகைப் பாறைகளில் இறங்கி வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு. ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் டெட்ரா, ரஸ்போரா, செர்ரி பார்ப், கோரிடோரஸ் எல்லாம் நன்றாக இருக்கும். போர்த் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் அதே மீன்கள் ஒவ்வொன்றாக மெலிந்து சாகும். கப்பியும் மோலியும் அங்கே கொழிக்கும்.

3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள தொட்டி கணக்குக்கு 190 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக நிற்பது 160 லிட்டர்தான். மருந்தோ உப்போ போடும்போது இந்த 160-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் உள்ள இந்த அளவுத் தொட்டிக்கு ரம்மி நோஸ் டெட்ரா 12, செர்ரி பார்ப் 8, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் 6, மேலே ஒரு ஜோடி பேர்ல் கௌராமி என்றால் மேல், நடு, அடி மூன்று மட்டமும் நிறையும், சண்டையும் இராது. நியான் டெட்ரா வேண்டாம் என்பேன். அது 26 டிகிரிக்குக் கீழே வாழ விரும்பும் மீன். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ரம்மி நோஸும் கார்டினலும்தான் தாங்கும். கோரிடோரஸிலும் பாண்டா வகை சூட்டில் துவண்டுவிடும், ஸ்டெர்பாய் நிற்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் என்று கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகத்தை 10 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். 10 லிட்டருக்கு 1 மில்லி போதும். மழைக்காலத்தில் ஆறு கலங்கி வரும்போது குழாயில் பிளீச்சிங் வாடை தூக்கலாக இருந்தால் 2 மில்லி.

வள்ளியூர்

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதோடு எங்க பக்கத்து நிலவரத்தையும் சேர்த்துக்கிடுங்க. வள்ளியூர், ராதாபுரம் சுற்றுவட்டாரத்தில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும் போர்களும் உண்டு. இந்தத் தண்ணீரின் பிஹெச்சை (அமில-கார அளவை) இறக்க அமிலம் ஊற்றுவது, பிஹெச் டவுன் திரவம் போடுவது எல்லாம் வீண் வேலை. தண்ணீரில் உள்ள கார்பனேட் மறுநாளே பிஹெச்சைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். இந்தத் தண்ணீருக்கு மோலி, பிளாட்டி, சோர்ட்டெயில், கப்பி போதும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும், இல்லையென்றால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண் மீன் நொந்துபோகும். டெட்ராதான் வேண்டும் என்றால் வீட்டு ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்ஓ-விலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது, உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

இப்படி உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கெட்டித் தண்ணீரில் இன்னொரு ஆபத்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. பிஹெச் 7-ல் இருக்கும் அம்மோனியாவைவிட, அதே அளவு பிஹெச் 8-ல் ஏறக்குறைய 10 மடங்கு விஷம். அதனால் புதுத் தொட்டியில் அவசரமே கூடாது. வெறும் தண்ணீரை ஓடவிட்டால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளராது. மீன் தீனி கொஞ்சம் போட்டு அழுகவிட வேண்டும். 4 முதல் 6 வாரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சொட்டு மருந்துச் சோதனையில் பூஜ்யம் காட்டும், அதற்குப் பிறகுதான் மீன். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்றினால் நாள் குறையும்.

அம்பாசமுத்திரம்

ஆற்றுத் தண்ணீர்க்காரர்களுக்கு நேர்மாறான தொல்லை. "தண்ணி மாத்தினதும் மீன் செத்துப்போச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குளோரினை எடுத்த பிறகும் இது நடக்கும். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

கழிவு அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையை (பிஹெச் இறங்காமல் தாங்கும் கையிருப்பை) தின்கிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை போகும். ஆற்றுத் தண்ணீரில் கையிருப்பே குறைவு. ரெண்டு மூணு மாதம் தண்ணீர் மாற்றாமல் ஆவியானதை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால் பிஹெச் மெல்ல 6-க்குக் கீழே இறங்கும். அங்கே பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அந்தப் பிஹெச்சில் அது விஷமில்லாத அம்மோனியமாகக் கிடப்பதால் மீன் ஒன்றும் காட்டாது. திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீரை மாற்றுகிறோம், பிஹெச் 7½-க்கு ஏறுகிறது, கிடந்ததில் ஒரு பங்கு விஷமாகிவிடுகிறது. மாலைக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்திருக்கும்.

இப்படிப் பழசாகிப்போன தொட்டியில் தினம் 10 சதவீதம் என்று ஒரு வாரத்துக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு வாரம் 25 சதவீதம். ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் ஒரு கைப்பிடி நொறுக்கிய கிளிஞ்சல் போட்டு வைத்தால் அது மெதுவாகக் கரைந்து காரத்தன்மையைப் பிடித்து வைக்கும். மணலில் சிப்பி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: காய்ந்த மணலில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுக் காதுகிட்ட வைத்துப் பாருங்கள். நுரைத்துச் சீறினால் சிப்பி கலந்திருக்கிறது; ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போலில்லாமல் அடிமணல் முழுக்க இருந்தால் தண்ணீர் கெட்டியாகிவிடும், டெட்ரா தொட்டிக்கு ஆகாது.

மாற்றும் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் பிடிக்காதீர்கள். கறுப்புத் தொட்டியில் வெயில் நேரத்துத் தண்ணீர் கையைச் சுடும். காலையில் பிடித்து, கையை விட்டால் தொட்டித் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியக் கூடாது.

மேலப்பாளையம்

சேர்மானம் பத்தி நான் சொல்லுதேன். டைகர் பார்ப்பை ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர், கௌராமியோட போடக் கூடாது. நீளமான துடுப்பைக் கண்டா கடிச்சுக்கிட்டே இருக்கும். 8, 10-ன்னு கூட்டமா வச்சா சண்டை அதுகளுக்குள்ளயே அடங்கும், அப்பவும் நீளத் துடுப்பு மீன் பக்கத்துல வேண்டாம். சாயமடிச்ச மாதிரி கலர்ல வார விடோ டெட்ராவும் இதே குணம்தான். ஏஞ்சல் சின்னதா இருக்கும்போது நியானோட சிநேகமாத்தான் இருக்கும், பெருசானதும் ராத்திரியில ஒண்ணொண்ணா விழுங்கிரும்.

சின்ன ஷார்க்னு விக்காங்களே, அது பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல வளரும். வீட்டுத் தொட்டிக்கு அந்த மீன் கிடையவே கிடையாது. பாசி தின்னும்னு வாங்குற சக்கரும் ஒரு அடியைத் தாண்டும், பசிச்சா ராத்திரி ஏஞ்சல் மேல ஒட்டி உடம்புச் சளியை உறிஞ்சும். வளர்ந்துட்டுன்னு ரெண்டையும் ஆத்துலயோ குளத்துலயோ விட்டுராதீங்க, வாங்கின கடையிலயே திருப்பிக் குடுங்க. கோல்ட் ஃபிஷ்ஷுக்கு எப்பவும் தனித் தொட்டி.

விக்கிரமசிங்கபுரம்

நம்ம ஆற்றுக்கே உரிய பார்ப் ஒன்று இருக்கிறது, அறிவியல் பெயர் Dawkinsia tambraparniei. 1954-ல் மீனியல் அறிஞர் சைலஸ் முதலில் விவரித்தது. அழகைப் பார்த்து யாரும் வலையோடு மலைக்குக் கிளம்ப வேண்டாம். அந்த ஓடைகள் பல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன, அங்கே மீன் பிடிப்பது குற்றம். அருகிவரும் மீனும்கூட. ஆற்றிலேயே இருக்கட்டும்.

தென்காசி

வெண்புள்ளி நோய்: ரவை தூவினாற்போல் உடம்பில் புள்ளி வரும். புள்ளி மீனில் ஒட்டியிருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. அது உதிர்ந்து அடியில் பெருகி, குஞ்சுகள் நீந்தி வரும் கட்டத்தில்தான் சாகும். எனவே புள்ளி மறைந்த மறுநாளே மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும், மேலும் ஒரு வாரம் தொடருங்கள். கப்பி, மோலி தொட்டிக்குத் தூத்துக்குடிக் கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம். 160 லிட்டருக்கு 320 கிராம், மூன்று பங்காக்கி 12 மணி நேர இடைவெளியில் கரைத்து ஊற்ற வேண்டும். டெட்ரா, கோரிடோரஸ் இருந்தால் உப்பு லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டாமல், வெப்பத்தைச் சிறிது சிறிதாக 30-க்கு ஏற்றி, மலக்கைட் கிரீன் மருந்தைப் பாட்டிலில் சொன்னதில் பாதி அளவில் போடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும்.

புது மீனை 2 முதல் 4 வாரம் தனி டப்பில் வைப்பது இந்த நோய்க்கு முதல் தடுப்பு. சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த கவரை மட்டும் பிரித்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்காதீர்கள். கவரைத் திறந்ததும் உள்ளே இருந்த கரியமில வாயு வெளியேறிப் பிஹெச் ஏறும், சேர்ந்திருந்த அம்மோனியா விஷமாகும். மூடிய கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வலையில் அள்ளி நேராக டப்பில் விடுங்கள். கவர்த் தண்ணீரை வெளியே கொட்டுங்கள்.

பாளையங்கோட்டை

வெயில் காலத்துக்கும் கரண்ட் கட்டுக்கும் இது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32-ல் 7.3தான். மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்தை உரசிப்போகும்படி சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகப் போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் பாட்டில் வேண்டாம், ஒரே நாளில் ஏறி இறங்கும் வெப்பம் வெண்புள்ளிக்கு அழைப்பு.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் டியூபில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு மாட்டுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி வந்து பம்பையும் வீட்டுத் தரையையும் நனைக்கும். சின்னப் பம்புக்கு 3 முதல் 5 வாட் போதும் என்பதால் இன்வெர்ட்டரில் அதை மட்டும் கொடுத்துவிடலாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரிச் சமயத்துக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள், வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஓடவிடக் கூடாது, உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் தொட்டிக்கு வரும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டிவிட்டுப் பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.