படிவம் 2: அடைப்புக்குறியைப் பிரித்தால் குறி தப்புகிறது, நிகழ்தகவில் 1/3 வருகிறது

ஜோர்ஜ்டவுன் அம்மா:
வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளி முடித்து இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 (இரண்டாம் ஆண்டு). எண் கணக்கு நன்றாகப் போடுவாள், எழுத்து வந்தால்தான் தடுமாற்றம். 3(க − 2) − 2(க − 5) என்பதைச் சுருக்கி க − 16 என்கிறாள். (எக்ஸுக்குப் பதிலாக இங்கே க போட்டிருக்கிறேன்.) இரண்டு காசு சுண்டினால் ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழ வாய்ப்பு 1/3 என்கிறாள். திருத்திக் காட்டினாலும் அடுத்த கணக்கில் அதே தவறு. எங்கிருந்து தொடங்கலாம்? பாடம் மலாயில் நடக்கிறது. வீட்டில் தமிழில் விளக்கினால் குழம்புவாளா?

செந்தூல் டீச்சர்:
தமிழிலேயே விளக்குங்கள் அம்மா, குழம்பமாட்டாள். கேள்வியின் கட்டளைச் சொற்களை மட்டும் மலாயில் பழக்குங்கள். 'பெர்முடாக்கான்' என்றால் சுருக்கி நிறுத்த வேண்டும். 'செலெசைக்கான்' என்றால் க-வின் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். சுருக்கச் சொன்ன கோவைக்குத் தானாக '= 0' சேர்த்துத் தீர்க்கப் போகும் பிள்ளைகள் நிறைய.

க − 16 வந்த வழி இது: 3க − 6 − 2க − 10. இரண்டாம் அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, க-வோடு நின்றுவிட்டது. அது 2-க்குச் சொந்தமான குறி; உள்ளே இருக்கும் இரண்டு உறுப்பையும் −2 பெருக்க வேண்டும். (−2) × (−5) = +10. ஆக 3க − 6 − 2க + 10 = க + 4. கொஞ்ச நாளைக்கு 3(க − 2) + (−2)(க − 5) என்று ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். அந்த வரியைத் தாண்டுவதால்தான் தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

பிறகு சரிபார்ப்பு. க = 3 என்று வையுங்கள். மூலக் கோவை 3(1) − 2(−2) = 7. க + 4 = 7, பொருந்துகிறது. க − 16 = −13, பொருந்தவில்லை. நீங்கள் திருத்தத் தேவையில்லை, அவளே பிடித்துவிடுவாள். 0, 1 இரண்டையும் வைத்துச் சரிபார்க்க வேண்டாம். 1-இன் வர்க்கமும் 1 என்பதால், க என்று எழுத வேண்டிய இடத்தில் க² எழுதியிருந்தாலும் தெரியாது. 0 வைத்தால் க உள்ள உறுப்பே மறைந்துவிடும்.

இதற்கும் அடியில் ஒரு வேர் இருக்கிறது: எழுத்து பொருளைக் குறிக்கிறதா, எண்ணைக் குறிக்கிறதா? 3 ரொட்டி சானாய், 2 தே தாரிக் (தேநீர்), மொத்தம் 8 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. 3ர + 2த = 8.50 என்று எழுதிவிட்டு, ர என்றால் என்ன என்று கேளுங்கள். 'ரொட்டி' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ர என்பது ஒரு ரொட்டியின் விலை. தே 50 காசு அதிகம் என்றால் த = ர + 0.50. இதைப் போட்டால் 3ர + 2(ர + 0.50) = 8.50, அதாவது 5ர + 1 = 8.50, ர = 1.50. ரொட்டி 1.50, தே 2.00.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்ய விடாதீர்கள். −3க = 12 வந்ததும் அதை நம்பி க = 12 + 3 என்று போடுவார்கள். இருபக்கமும் −3-ஆல் வகுத்தால் க = −4.

பிறை கணிதம்:
காசுக் கணக்குக்கு வருகிறேன். இரண்டும் பூ, இரண்டும் எண், ஒன்று பூ ஒன்று எண் என மூன்று வகையை எண்ணி 1/3 என்கிறாள். மூன்றும் சம வாய்ப்புள்ளவை அல்ல, தவறு அங்கேதான். ஒரு 10 காசும் ஒரு 20 காசும் கொடுங்கள், நிறம் வேறு. நான்கு விளைவையும் வரிசையாக எழுதட்டும்: பூ-பூ, பூ-எண், எண்-பூ, எண்-எண். 10 காசில் பூ, 20 காசில் எண் என்பது ஒன்று. மாறி விழுந்தால் அது வேறொன்று. ஆகவே 2/4, அதாவது 1/2.

பெரிய கணித மேதை தாலம்பேரே 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் இந்த வகைத் தவறைச் செய்தார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்றார். முதலிலேயே தலை விழுந்தால் அதோடு நிறுத்தி, ஒரே விளைவாக எண்ணினார். சரியான விடை 3/4. அதைச் சுலபமாக எடுக்க, ஒரு தலையும் விழாத வாய்ப்பு 1/4-ஐ 1-இலிருந்து கழிக்கலாம்.

ஜோர்ஜ்டவுன் அம்மா:
நன்றி டீச்சர், நன்றி சார். ஒரு காசை 50 தடவை சுண்டி 29 பூ விழுந்தால் எதை எழுதுவது?

பிறை கணிதம்:
கேள்வி சோதனையைப் பற்றியது என்றால் 29/50. கோட்பாட்டு நிகழ்தகவைக் கேட்டால் 1/2. இரண்டும் சரி, சுண்டும் எண்ணிக்கை கூடக்கூட முதலாவது இரண்டாவதை நெருங்கும். ஐந்து பூ தொடர்ந்து விழுந்தாலும் அடுத்ததற்கு வாய்ப்பு 1/2-தான்.

செந்தூல் டீச்சர்:
இரண்டு பாடமும் சேரும் கணக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள். பையில் 5 சிவப்புக் கோலி, 7 நீலம். இன்னும் க சிவப்புக் கோலி போட்டதும் சிவப்பு எடுக்கும் வாய்ப்பு 1/2 ஆகிறது. பெரும்பாலும் (5 + க)/12 = 1/2 என்று எழுதி க = 1 என்பார்கள். போட்ட கோலி பையில்தானே இருக்கிறது, மொத்தமும் கூட வேண்டும்: (5 + க)/(12 + க) = 1/2. குறுக்கே பெருக்கினால் 10 + 2க = 12 + க, க = 2. பையில் 7 சிவப்பு, 7 நீலம். க = 1 என்றால் 6/13 வரும்.