5,600 ஆர்பிஎம்முக்கு மேல லீன் ஆகுது (பெட்ரோல் பத்தல): 450 பம்ப் போட்டா தீருமா?

கெடிலம்_டர்போ (கடலூர்)
2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ, போர்ட் இன்ஜெக்‌ஷன். மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பற ரிட்டர்ன் லைன் கிடையாது, அழுத்தத்தை நிலையா வைக்கிற ரெகுலேட்டர் டேங்குக்குள்ளயே 4 பார்ல இருக்கு. இன்ஜெக்டர் ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 630 சிசி, 3 பார்ல அளந்தது. பம்ப் கம்பெனியோடது. பூஸ்ட் 1.5 பார், கிராங்க் கணக்குல 340 எச்பி. பங்க்ல கிடைக்கிற இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்)தான் ஓடுது. டார்கெட் லாம்ப்டா (காத்து-பெட்ரோல் விகிதம், நம்பர் ஏறினா பெட்ரோல் கம்மி) 0.78. 5,600 ஆர்பிஎம் தாண்டினா 0.90க்கு ஏறிடுது, டூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம்) 98%. அடுத்து பெரிய டர்போ, 400 எச்பி. மணிக்கு 450 லிட்டர் தள்ளுற பெட்ரோல் பம்ப் போட்டா தீருமா?

முள்ளோடை450
தீரும். கம்பெனி பம்ப் கம்பெனி பவருக்குப் போட்டது. 255 லிட்டர் பம்ப் வாங்கி மாட்டிட்டு ஆறு மாசத்துல மறுபடி பின் சீட்டைக் கழட்டி டேங்கைத் திறக்கறதுக்கு, ஒரே தடவையா 450 போடுங்க. கூடவே 1000 சிசி இன்ஜெக்டர். வேலை முடிஞ்சுது.

வில்லியனூர்_வயர்மேன்
இப்ப பூஸ்ட்டை இறக்கி வைங்க தம்பி. 0.90ல முழு பூஸ்ட் இழுத்தா பிஸ்டன்தான் போகும்.

அப்புறம் அண்ணே, அவர் குடுத்த நம்பரையே கூட்டிப் பாருங்க. டேங்குக்குள்ள இருக்கிற ரெகுலேட்டருக்கு பூஸ்ட் எவ்வளவுன்னு தெரியாது. ரெயில்ல (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கிற குழாய்) 4 பார் இருக்கு, காத்து உள்ள போற மேனிஃபோல்டுல 1.5 பார் எதிர்த்துத் தள்ளுது. இன்ஜெக்டருக்கு மிஞ்சுறது 2.5. ஃப்ளோ அழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும்: 630 × √(2.5/3) = 575 சிசி.

தேவை எவ்வளவு? டர்போ வண்டிக்கு ஒரு எச்பிக்கு மணிக்கு 0.60 பவுண்டுன்னு வைப்போம். இ20ன்னா அதே லாம்ப்டாவுக்கு ஒரு 8% கூட ஊத்தணும். மொத்தம் 220 பவுண்டு, இன்ஜெக்டருக்கு 55, அதாவது 578 சிசி. கையில 575 இருக்கு, கேக்கறது 578. டூட்டி 98 வராம என்ன செய்யும்? பம்ப் மேல பழி போட இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.

முள்ளோடை450
கணக்கு அழகா இருக்கு, பாதியில நிறுத்திட்டீங்க. 575ல 98% போனா 563. தேவை 578. அந்தப் பற்றாக்குறைக்கு லாம்ப்டா 0.80தான் ஆகணும். அவருக்கு 0.90 காட்டுது. மீதி பெட்ரோல் எங்க போச்சு?

சுண்ணாம்பாறு_லாக்
முள்ளோடை அண்ணன் சொல்வது சரி. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 0.90 வர வேண்டுமானால் இன்ஜெக்டர் வழியாக ஏறக்குறைய 500 சிசிதான் போகிறது. அதற்கு இன்ஜெக்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் 2 பாருக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படியானால் ரெயில் 4இல் நிற்கவில்லை, 3.5க்கு விழுந்திருக்கிறது. பிரஷர் லாக் இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

ரெயிலில் 0–10 பார் சென்சார் ஒன்று போட்டு இசியூவில் (இன்ஜினை இயக்கும் கணினி) இணையுங்கள். கேஜ் வகையா (வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சேர்க்காதது) அப்சல்யூட் வகையா (அதையும் சேர்த்துக் காட்டுவது) என்று பார்த்து வாங்குங்கள், குழப்பினால் எல்லாக் கணக்கும் 1 பார் தப்பாகும். பிறகு லாக்கைப் படிக்கும் விதம் இது. அழுத்தம் அசையாமல் நின்று டூட்டி மட்டும் ஏறினால் இன்ஜெக்டர் போதவில்லை. ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் சரிந்தால் பம்ப், வோல்டேஜ், ஃபில்டர் மூன்றில் ஒன்று. நாலைந்து விநாடி நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று விழுந்தால் பம்ப் இருக்கும் பக்கெட் காலியாகிறது. வளைவில் மட்டும் விழுந்தால் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, அதற்குப் பம்ப் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

வில்லியனூர்_வயர்மேன்
0.90 விஷயத்துல நான் அவசரப்பட்டது உண்மை, ஒத்துக்கறேன். ஆனா ரெயில் விழுந்தா உடனே பம்ப் செத்துப் போச்சுன்னு அர்த்தமா? பம்ப் ஒரு மோட்டார். 13.5 வோல்ட்ல குடுக்கறத 11.5ல குடுக்காது.

மல்டிமீட்டர் வைங்க. இன்ஜின் ஓடணும், லோடு இருக்கணும். பம்ப் கனெக்டரோட பாசிட்டிவ்லேர்ந்து பேட்டரி பாசிட்டிவ் வரைக்கும் எவ்வளவு டிராப்? பம்ப் எர்த்துலேர்ந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் எவ்வளவு? ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. நம்ம ஊர்ல எர்த்தை நம்பவே கூடாது. கடல் காத்து ரிங் டெர்மினலுக்கு அடியில பச்சை பூக்க வச்சிடும், மேல பார்த்தா போல்ட் பளபளன்னு இருக்கும்.

கெடிலம்_டர்போ
அளந்தாச்சு. பேட்டரியில 13.9. பம்ப்ல 11.6. பாசிட்டிவ் பக்கம் டிராப் 1.0, எர்த் பக்கம் 1.3. சோதனைக்காக பேட்டரியிலேர்ந்து ஃபியூஸ் வச்சு நேரா வயர் இழுத்து, எர்த்தைச் சுரண்டி மாட்டினதுல 13.4. முழு லோடுல ரெயில் 3.95, லாம்ப்டா 0.81. டூட்டி அதே 98.

வில்லியனூர்_வயர்மேன்
பெட்ரோல் போன இடம் தெரிஞ்சுதா. எர்த் போல்ட்டுக்கு அடியில.

முள்ளோடை450
340க்கு சரி. அவர் கேட்டது 400க்கு.

வில்லியனூர்_வயர்மேன்
400க்கும் கூட்டுவோம். இ20 சேர்த்து 259 பவுண்டு, 117 கிலோ சொச்சம், மணிக்கு 157 லிட்டர். 20% கையிருப்பு வச்சா 190. 255 பம்ப்ல எழுதியிருக்கிற 255ங்கறது 40 பிஎஸ்ஐல. 1:1 ரெகுலேட்டர் (பூஸ்ட் ஏறின அளவுக்கு ரெயில் அழுத்தத்தையும் ஏத்துறது) வச்சு பேஸ், அதாவது பூஸ்ட் இல்லாதப்ப, 3 பார்னா பூஸ்ட்ல ரெயில் 4.5, அதாவது 65 பிஎஸ்ஐ. அங்க 13.5 வோல்ட் இருந்தா 200ஐ ஒட்டி வரும். வோல்டேஜ் ஒழுங்கா இருந்தா போதும், இல்லாட்டி போதாது. டப்பாவுல இருக்கிற நம்பரைப் பார்த்து வாங்காதீங்க, ஃப்ளோ கிராஃப்ல உங்க பிரஷருக்கும் வோல்டேஜுக்கும் நேரா என்ன இருக்குன்னு பாருங்க.

450 போட்டா என்ன ஆகும்? ஐடில்ல இன்ஜின் குடிக்கிறது மணிக்கு ரெண்டு லிட்டர்கூட இருக்காது, மிச்சம் பூரா திரும்பி டேங்குக்கு ஓடணும். 6 எம்எம் ரிட்டர்ன்ல அது அடைச்சு நிக்கும். ரெகுலேட்டர் ஸ்குரூவை எவ்வளவு தளர்த்தினாலும் பேஸ் 3 பாருக்கு இறங்காது, ஐடில் ரிச் ஆகும் (பெட்ரோல் கூடிப்போகும்). 450 பம்ப் இழுக்கிற 16 ஆம்பியர் 13.5 வோல்ட்ல 216 வாட். அதுல பெரும்பகுதி சூடா பெட்ரோல்லதான் இறங்கும். கத்திரி வெயில்ல டேங்க் கால்வாசி இருக்கும்போது அரியாங்குப்பம் டிராஃபிக்ல நின்னு பாருங்க, பம்ப் கத்துற சத்தம் வெளிய கேக்கும்.

முள்ளோடை450
6 எம்எம் ரிட்டர்ன் போடச் சொன்னது யாரு? அதைவிடத் தடிச்ச ஏஎன்-6 லைன் போட்டா அந்தப் பிரச்சினையே வராது. சூட்டுக்கு பிடபிள்யூஎம் கண்ட்ரோல் (கரண்ட்டை வேகமா விட்டு விட்டுக் குடுக்கிறது) இருக்கு, ஐடில்ல 50% ஓட்டலாம். சாதா ரிலே அந்த வேகத்துக்குத் தாங்காது, சாலிட் ஸ்டேட் ரிலே வேணும். அவ்வளவுதான்.

சுண்ணாம்பாறு_லாக்
ரிட்டர்னே அவசியமா என்றும் கேட்கலாம். கம்பெனி இசியூவுக்குப் பதிலாகப் போடும் நல்ல ஸ்டாண்டலோன் இசியூ ரெயில் அழுத்தத்தையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் படித்து இன்ஜெக்டரின் ஓப்பனிங் நேரத்தைத் தானே திருத்தும். டேங்கில் சூடும் ஏறாது.

முள்ளோடை450
நேரத்தைத் திருத்தலாம் சார், பெட்ரோலை உண்டாக்க முடியுமா? டூட்டி ஏற்கெனவே 98. பூஸ்ட் ஏற ஏற அந்த 2.5 இன்னும் சுருங்கும்.

சுண்ணாம்பாறு_லாக்
இந்த வண்டிக்கு ஒப்புக்கொள்கிறேன். 400க்கு இன்ஜெக்டர் ஒன்றுக்கு 680 சிசி நிஜமாகவே போக வேண்டும். 80% டூட்டியில் நிறுத்த 850 சிசி. 1000 சிசியும் கெடுதல் இல்லை, ஆனால் விற்பவர் டெட் டைம் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம்) அட்டவணையும் சிறு பல்ஸ் (மிகக் குறைந்த நேரம் திறக்கும்போது போகும் அளவு) அட்டவணையும் தர வேண்டும். அவை இல்லாத மலிவு இன்ஜெக்டரில் ஐடில் தினமும் ஒரு மாதிரி இருக்கும்.

ஓடி_பட்டறை (கடலூர் முதுநகர்)
பம்ப் எதுவோ போடுங்க. நான் சொல்றது மத்ததைப் பத்தி.

டேங்குக்குள்ள போற ஹோஸ்ல ஆர்10னு அச்சு இருக்கணும். ஆர்9 உள்பக்கம்தான் பெட்ரோல் தாங்கும், வெளிப்பக்கம் ஊறி உப்பி கிளாம்ப்பை விட்டு நழுவும். அப்ப பம்ப் டேங்குக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், ரெயில்ல பிரஷர் இருக்காது. நீங்க பம்ப் போச்சுன்னு இன்னொண்ணு வாங்குவீங்க. வெளிய ஓடுற லைனுக்கு பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) ஹோஸ். கிளாம்ப் மூடின பட்டை வகை. திருகு பல் வெளிய தெரியற கிளாம்ப் ஹோஸை அறுக்கும்.

டேங்க் கவர் சீலுக்கு சிலிகான் பேஸ்ட் தடவாதீங்க, பெட்ரோல்ல அது வழவழன்னு கரைஞ்சு பம்ப் வடிகட்டியை அடைக்கும். 450 போட்டா கம்பெனி கனெக்டர் பின் உருகும், கவர்லயே தடி ஸ்டட் வேணும்.

ரிலே ட்ரிகர் பழைய பம்ப் வயர்லேர்ந்துதான் வரணும். தனி சுவிட்ச், நேரா இக்னிஷன், ரெண்டும் வேண்டாம். இன்ஜின் நின்னா இசியூ பம்பை நிறுத்தணும். மோதி ஹோஸ் அறுந்த வண்டியில பம்ப் ஓடினா நிமிஷத்துக்கு மூணு லிட்டர் ரோட்டுல கொட்டும்.

வேலையை வெளிய, காத்தோட்டமா செய்யுங்க. டேங்க் கால்வாசிக்குக் கீழ இருக்கணும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட்டினா லைன் பிரஷர் இறங்கும். அப்புறம் பேட்டரி கழட்டு, தீயணைக்கிற பவுடர் சிலிண்டர் பக்கத்துல. மாட்டி முடிச்சதும் ஸ்டார்ட் பண்ணாம மூணு தடவை கீ ஆன். ஒவ்வொரு ஜாயின்ட்டிலயும் உலர்ந்த டிஷ்யூ ஒத்தி பாரு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி. பழைய டேங்க்ல இ20 உள்ள படிஞ்சதைக் கிளப்பிவிடும், 10 மைக்ரான் ஃபில்டரை முதல் 500 கிலோமீட்டர்ல திறந்து பாருங்க. காகித எலிமென்ட் வேண்டாம்.

கெடிலம்_டர்போ
அப்ப 1:1 ரெகுலேட்டர், ஏஎன்-6 ரிட்டர்ன், 1000 சிசி, 10 மைக்ரான் ஸ்டீல் ஃபில்டர், பிரஷர் சென்சார். பம்ப் 255. வயர் 4 ஸ்கொயர் எம்எம் போதுமா?

முள்ளோடை450
பெரிய டர்போ போட்டவன் எவனாவது 400ல நின்னிருக்கானா?

வில்லியனூர்_வயர்மேன்
அது சரிதான் அண்ணே. தம்பி, 255க்கு 4 போதும். ஆனா 6 ஸ்கொயர் எம்எம்மா இழுத்துடுங்க, எர்த்தும் அதே தடிப்பு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள. இப்போதைக்கு 20 ஆம்பியர், 450 வந்தா 30. பம்ப் மாத்தறது ஒரு மத்தியான வேலை, வண்டியோட கார்ப்பெட்டை மறுபடி பிரிக்கிறதுதான் சள்ளை.