எங்கள் ஆலைப் பெயரில் டொமைன்: நீதிமன்றம் போகாமல் மீட்க முடியுமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
வணக்கம். எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாக மாங்கூழ் ஆலை நடத்தி வருகிறது. டின் லேபிளிலும் பில்லிலும் உள்ள எங்கள் பெயரை எழுத்து மாறாமல் .காம், .இன் இரண்டிலும் டொமைனாக (இணைய முகவரியாக) வெளியூர்க்காரர் ஒருவர் பதிந்து வைத்துக்கொண்டு, பெருந்தொகை கொடுத்தால் விட்டுத்தருவதாகப் போனில் சொல்கிறார். டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம், சான்றிதழ் வரவில்லை. வழக்கென்று அலைய எங்களால் இயலாது. வேறு வழி உண்டா?

பதில் (கிருஷ்ணகிரி, வழக்கறிஞர்):
உண்டு. ஆனால் இரண்டு முகவரிகளுக்கும் வெவ்வேறு இடங்களில் புகார் செய்ய வேண்டும். .காம் பெயருக்கு, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் ஏற்ற யூடிஆர்பி என்ற டொமைன் தகராறு தீர்வு விதிகளின்படி ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் இணையம் வழியாகவே புகார் தரலாம். ஒரே நடுவர் விசாரித்தால் 5 பெயர்கள் வரை கட்டணம் 1,500 டாலர். .இன் பெயருக்கு, அப்பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற இதேபோன்ற விதிகள் இருக்கின்றன. 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் ஒருவர் தீர்ப்பளிப்பார்.

பெயர் உங்கள் வணிகக்குறியை ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் நோக்கம் தீயது என்ற மூன்றையும் இரண்டிலும் நிறுவ வேண்டும். யூடிஆர்பியில் தீய நோக்கத்தோடு பதிந்ததையும் பயன்படுத்துவதையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஐஎன்டிஆர்பியில் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று போதும் என்பதால், நானாக இருந்தால் .இன் பெயரில்தான் தொடங்குவேன்.

சான்றிதழ் வராததால் கதவு அடைபடவில்லை. பதிவு பெறாத பெயரையும் பிறர் அபகரித்து வணிகம் செய்வதிலிருந்து காக்கும் சட்டக் கொள்கை டொமைன் பெயர்களுக்கும் பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் வெறும் விண்ணப்ப எண் எடுபடாது. அவர் பதிந்த தேதிக்கு முந்தைய பில்கள், லேபிள் அச்சடித்த ரசீது, ஏற்றுமதி ஆவணங்கள் ஆகியவைதான் பேசும்.

பதில் (தருமபுரி):
ஒன்று கேட்கிறேன், அவர் முன்பு உங்களுக்கு வெப்சைட் செய்துகொடுத்தவரா? அப்படியானால் அதை ஒப்பந்தத் தகராறு என்று நடுவர் ஒதுக்கிவிடக்கூடும். ஊர்ப்பெயரும் மாம்பழமும் மட்டுமே சேர்ந்த பொதுவான பெயராக இருந்தால், அதை உங்களுக்கே உரியது என்று நிறுவுவதும் சிரமம்தான்.

கேட்டவர்:
இல்லை ஐயா, அவரை எங்களுக்கு முன்பின் தெரியாது. பெயர் எங்கள் பாட்டனாருடையது.

பதில் (வழக்கறிஞர்):
அப்படியானால் போனில் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு, கேட்கும் தொகையை மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். உரியவரிடமே அடக்கச் செலவுக்கு மேல் விலைபேசி விற்கப் பதிந்தார் என்பதே தீய நோக்கத்துக்குச் சான்றாகும். வென்றாலும் நஷ்டஈடு எதிர்பார்க்க வேண்டாம். .காம் பெயரை மாற்றித் தரும்படி உத்தரவு வந்த பின்னும், அவர் நீதிமன்றம் செல்ல 10 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. அதன் பிறகே பெயர் கைக்கு வரும்.