ஓமந்தூரார் என்றால் ஆஸ்பத்திரி மட்டும்தானா?

ஈசூன்வாசி:
தைப்பூசத்தன்று இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் தண்ணீர்ப் பந்தலில் நின்றிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒருவர் மோர் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம், ஊர் வடலூர் பக்கம். “இன்னிக்கு எங்க ஊர்ல ஜோதி தரிசனம், நான் இங்க இருக்கேன்” என்று சிரித்தார். பேச்சுவாக்கில், அம்மாவுக்குச் சென்னையில் ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்ததைச் சொன்னேன். “அவர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துலதான் தம்பி நான் படிச்சேன்” என்றார். யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். மனுஷர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

அப்புறம் அரை மணி நேரம் அதே பேச்சுதான். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் 1895இல் பிறந்த ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண முதல்வர். நாடு விடுதலை பெற்ற நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போக வழிசெய்த சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, மாகாணம் முழுக்க மதுவிலக்கு எல்லாம் அந்த இரண்டு வருடத்துக்குள். சொந்தக் கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு வளையவில்லை. உட்கட்சிப் பூசலில் பதவி போனது. பிற்பாடு வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையம், அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம் என்று இருந்துவிட்டு 1970இல் காலமானார்.

“எங்களுக்கு அவர் முன்னாள் முதல்வர்னே ரொம்ப நாள் தெரியாது. வேட்டி கட்டின ஊர்ப் பெரியவர்னு நெனச்சிருந்தோம்” என்றார் அவர். இன்று வார்டு கவுன்சிலருக்கே எத்தனை கார் முன்னும் பின்னும் போகிறது!

உட்லண்ட்ஸ் பேரன்:
சட்டப் பட்டியலில் பெரியதை விட்டுவிட்டீர்களே! 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம். எங்கள் பூர்வீகம் சிவகங்கைச் சீமை. தாத்தா இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கி அனுப்பிய காசில் பாதி ஜமீனுக்குக் கட்டத்தான் போகுமாம். கட்ட முடியாத வருஷம் கணக்குப்பிள்ளை வாசலில் வந்து நிற்பானாம். சட்டம் வந்தபின் இடையில் ஜமீன் இல்லை, நிலவரி நேரே அரசாங்கத்துக்கு. பட்டா எங்கள் கொள்ளுத்தாத்தா பேருக்கு வந்தது. அதைத் தாத்தா இங்கே கொண்டுவந்து தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பாஸ்போர்ட் வெளியில் கிடக்கும், பட்டா கிடக்காது. ஏர் பிடித்த குடும்பத்து ஆள் கோட்டையில் உட்கார்ந்ததால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்வார். ஜமீன் ஒழிப்பு காங்கிரஸின் பழைய வாக்குறுதிதான், அதை நான் சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் வரும்.

தெம்பனிஸ் அக்கா:
சரி, ரொம்பவும் தூக்கி வைக்காதீர்கள் தம்பிகளா. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்ததும் அவர் ஆட்சிதான். பெரியார் தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது, எங்கள் அப்பா அதில் மறியலுக்குப் போனவர். ஆனால் பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கியதும் அவர் காலத்தில்தான் என்று அப்பாவே சொல்வார், அதையும் எழுதிவிடுகிறேன். ஈசூன் தம்பி, அந்த வடலூர்ப் பெரியவர் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறாரா? இருந்தால் ஒருநாள் தேக்காவில் தேநீருக்குக் கூட்டிவாருங்கள், இந்தியைப் பற்றி அவரிடமே கேட்கிறேன்.