சப்பை மூக்கு ரிவால்வர் சேர்ப்பது: ரசனையா, வீம்பா?

டல்லாஸ் துரை:
போன வாரம் கோல்ட் கம்பெனியோட டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வர் ஒண்ணு கைக்கு வந்துச்சு. 1950-கள்ல செஞ்சது, குழல் ரெண்டே அங்குலம், அதான் சப்பை மூக்கு. "இந்தக் காசுக்கு ரெண்டு வளையல் வாங்கியிருக்கலாம்"னு வீட்டுல முணுமுணுப்பு. ஆனா 1927-லயே ஆறு தோட்டா, அதுவும் .38 ஸ்பெஷல்ங்கிற தோட்டா வகை, எல்லாத்தையும் சுமார் 600 கிராமுக்குள்ள அடக்கி கோட்டுப் பையில போடுற மாதிரி செஞ்சிருக்கான் பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். 1950-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டுவந்து இன்னும் ஒல்லியாக்கினாங்க. அதுக்கு ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்தாங்க, அஞ்சுதான். போலீஸ் தலைவர்கள், அதாவது 'சீஃப்ஸ்', மாநாட்டுல காட்டினதால அந்தப் பேரு. இந்தக் கிறுக்கு உள்ளவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

ஹூஸ்டன் மீனா:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கோட்டுப் பையில அடங்கணும்னு ஏன் செஞ்சாங்க? எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே. நீங்க ரசிக்கிற அந்தக் குட்டை மூக்கே ஒளிச்சு வைக்கத்தான்.

டல்லாஸ் துரை:
வாளும் கொல்லத்தான் செஞ்சாங்க. மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு டிக்கெட் போட்டுக் காட்டுறோமே.

ஹூஸ்டன் மீனா:
வாளை இடுப்புல ஊருக்கே தெரியத் தொங்கவிட்டாண்ணே. ரெண்டும் ஒண்ணா?

கடிகாரப் பித்தன்:
நான் துப்பாக்கி ஆள் இல்லை, பழைய கைக்கடிகாரம் சேர்க்கிறவன். ஆனா துரை சொல்றது எனக்குப் புரியுது. நண்பர் ஒருத்தர் வீட்டுல கோல்டையும் ஸ்மித்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். தோட்டா போடுற உருளையைத் திறக்க கோல்டுல தாழைப் பின்னால இழுக்கணும், ஸ்மித்துல முன்னால தள்ளணும். கோல்ட் வலமா சுத்துது, ஸ்மித் இடமா. மாமியார் வீடும் அம்மா வீடும் மாதிரி எல்லாமே நேரெதிர்! பழைய கோல்டுல உள் பாகங்களை ஆள் உக்காந்து அரம் போட்டுப் பொருத்தியிருக்காங்க. டிரிகரை முழுசா இழுத்துப் பிடிச்சா உருளை அசையாம இறுகி நிக்குது. அதே பொருத்தம்தான் வினையும். உருளையைத் தள்ளுற குட்டி நெம்புகோல் தேய்ஞ்சா உருளை குழலுக்கு நேரா வந்து நிக்காது. அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச கைகளும் குறைஞ்சுட்டே வருது.

ஹூஸ்டன் மீனா:
கடிகாரம்னா சரி சார். ஆனா இந்தச் சந்தையில விலை எதனால ஏறுது? 1963 நவம்பர் 24, துரை அண்ணன் ஊர்ல, போலீஸ் கட்டடத்துக்கு அடித்தளத்துலயே ஜாக் ரூபி, கென்னடியைக் கொன்னதா பிடிபட்ட ஆஸ்வால்டைச் சுட்டான். அது கோல்ட் கோப்ரா. டிடெக்டிவ் ஸ்பெஷலோட தம்பிதான், உடம்பு மட்டும் அலுமினியம். 1991-ல ஏலத்துல 2,20,000 டாலர். அதே மாதிரி வேற கோப்ராவுக்கு யாரும் அந்தக் காசு தரமாட்டாங்க. அவ்வளவு காசும் அரம் போட்டவன் வேலைக்கா, செத்தவனுக்கா?

டல்லாஸ் துரை:
அது வேற கும்பல்மா. எங்க ஆட்கள் பூச்சைப் பார்ப்பாங்க, பெட்டி இருக்கான்னு பார்ப்பாங்க. நீலக்கறுப்புப் பூச்சை மறுபடி போட்டிருந்தா எவ்வளவு பளபளன்னாலும் விலை சரிஞ்சிடும். அமெரிக்க விமானப்படைக்கு ஏர்க்ரூமேன்னு ஒண்ணு செஞ்சாங்க, எடை குறைக்க உருளையையே அலுமினியத்துல. தாங்கலை. பெரும்பாலானதை அரசாங்கமே நசுக்கிப் போட்டுடுச்சு. தப்பிச்ச ஒண்ணு கிடைச்சா சேகரிப்பாளன் கும்பிடுவான். கோல்டுலயே வேலை பார்த்த ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரிகருக்கு முன்னால இருக்கிற வளையத்தை வெட்டி எடுத்து ஃபிட்ஸ் ஸ்பெஷல்னு செஞ்சார். அதுல போலிதான் எக்கச்சக்கம். ரம்பம் வெச்சிருக்கிறவன் எல்லாம் ஃபிட்ஸ்தான்! கம்பெனி ஆவணக் கடிதம் இல்லாம நான் தொடவே மாட்டேன். இதுல பாதி, துப்பறியிற வேலை.

மதுரை வக்கீல்:
ஊர்ல இருக்கிற நம்ம ஆட்கள் இதைப் படிச்சு ஆசைப்படாதீங்க. அமெரிக்காவுல 50 வருஷம் தாண்டின துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர் உரிமம்னு தனியா ஒண்ணு உண்டு. இங்க இந்தியாவுல 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு மொத்தமே ரெண்டு துப்பாக்கி. தாத்தா விட்டுட்டுப் போனதும் அந்தக் கணக்குலதான்.

ஹூஸ்டன் மீனா:
ஒரே கேள்விண்ணே. வேலைப்பாடுதான் ஆசைன்னா, குதிரை (தோட்டாவை அடிக்கிற சுத்தி) நுனியில இருக்கிற ஊசியை அரைச்சு எடுத்துடுங்க. இனி சுடாது. பூச்சு, பொருத்தம், பெட்டி எல்லாம் அப்படியே இருக்கும். வெச்சுக்குவீங்களா?

டல்லாஸ் துரை:
மதிப்பு போயிடுமே.

ஹூஸ்டன் மீனா:
விக்கவே போறதில்லைன்னு இந்த மன்றத்துல வேற ஒரு திரியில நீங்கதான் எழுதியிருக்கீங்க.

டல்லாஸ் துரை:
(ஒரு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.) நேத்து ராத்திரி பெட்டகத்தைத் திறந்து, தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, கோட்டுப் பையில போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். தெரியவே இல்லை. சிரிப்பு வந்துச்சு, சின்னப் பையன் மாதிரி. அப்புறம் உங்க முதல் பதில் ஞாபகம் வந்துச்சு மீனா, சட்டுனு எடுத்து உள்ள வெச்சுட்டேன். ஊசியை மட்டும் அரைக்க மாட்டேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியலை.

ஹூஸ்டன் மீனா:
சரிண்ணே. பெட்டகச் சாவி எங்கேன்னு பசங்களுக்குத் தெரியுமா?

டல்லாஸ் துரை:
சாவி இல்லை, நம்பர். எனக்கும் வீட்டுக்காரிக்கும் மட்டும்.

கடிகாரப் பித்தன்:
துரை, எந்த வருஷத்து உருப்படின்னு பார்த்துச் சொல்ல என் நண்பர் தயார். சீரியல் நம்பரைப் போடுங்க, கடைசி மூணு எண்ணை மறைச்சுட்டு.