ஜூனில் நியூசிலாந்து: கார் கண்ணாடியில் படியும் உறைபனிக்கு என்ன வழி?

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக் கார் எடுத்து, டெக்காப்போ வழியாகக் குயின்ஸ்டவுன் வரை நான்தான் ஓட்டுகிறேன். அங்கேயும் நம் சிங்கப்பூர் போல இடப்பக்கம் ஓட்டுவதுதான், அதில் பயமில்லை. பயமெல்லாம் காலையில் முன்கண்ணாடியில் இறுகிக் கிடக்கும் உறைபனிதான். ஈசூனில் மாடிக் கார்நிறுத்தத்தில் வண்டி விடுகிற எனக்கு, மழையில் கண்ணாடி மங்கினால் ஏர்கானைத் திருப்பிவிடத் தெரியும். அவ்வளவுதான்.

வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், வைப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஓடவிட்டால் ரப்பர் கிழியும் என்பதெல்லாம் தெரியும். நான் கேட்பது வேறு.

தங்கும் இடங்களில் கூரையுள்ள நிறுத்தம் இல்லை. இரவே கண்ணாடிமேல் துண்டு விரித்துவைக்கச் சொல்கிறார்கள். அது ஈரமாகிக் கண்ணாடியோடு சேர்ந்து உறைந்துவிடாதா? அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தால் தேவலையா?

பனி கரைக்கும் ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கும், விமானத்தில் விடமாட்டார்கள். அங்கே பெட்ரோல் நிலையங்களில் கிடைக்குமா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து அடித்துப் பார்த்தவர்கள் உண்டா? பஸ், ரயிலுக்குத் தட்டும் பழைய ஈஸி-லிங்க் கார்டே சுரண்டப் போதும் என்கிறார் மச்சான். எனக்கென்னவோ அது இரண்டாய் உடையும் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம், டீசல் வண்டி சூடாக நேரம் பிடிக்குமாமே. காலை எட்டு மணிக்குக் கிளம்ப எத்தனை மணிக்கு இன்ஜினை ஓடவிட வேண்டும்? குளிர்காலத்தில் அங்கே ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.