குழுவில் ஒருவர் எல்லார் நிரலையும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடுகிறார், என்ன செய்வது?

பொங்கோல்_வாசி:
வணக்கம். பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட், நாலு பேர். ஒருவர் நிஜமாகவே கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் பகலில் எழுதி கிட்ஹப்பில் (நிரலைப் பகிர்ந்து வைக்கும் தளம்) ஏற்றுவதை அவர் ராத்திரி உட்கார்ந்து தன் பாணிக்கு மாற்றி மெயின் பிராஞ்சில், அதாவது எல்லாருக்கும் பொதுவான பிரதியில், ஃபோர்ஸ் புஷ் செய்து எங்களுடையதுக்கு மேலேயே ஏற்றிவிடுகிறார். நான் எழுதிய லாகின் பகுதியையே காணோம். கேட்டால் "உன்னோடது மெதுவா ஓடுது, அதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. ஆசிரியரிடம் போனால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், சக மாணவர் மதிப்பீட்டுக்கு வேறு மார்க் இருக்கிறது. இதை அவரிடம் எப்படிப் பேசுவது?

ஈசூன்_நிரலர்:
தம்பி, கமிட் செய்திருந்தால், அதாவது மாற்றத்தை கிட் மென்பொருளில் பதிந்திருந்தால், உங்கள் லாகின் எங்கேயும் போகவில்லை. உங்கள் லேப்டாப்பில் கிட் ரீஃப்லாக் என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள், எந்த பிராஞ்சிலும் இல்லாத கமிட்டைக்கூட வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். அதை மீட்டு வேறு பிராஞ்சில் போட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

அடுத்து மெயினைப் பூட்டுங்கள். நேரடி புஷ் கூடாது, புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோருவது) போட்டு இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் மெயினில் சேரும் என்று கிட்ஹப்பிலேயே அமைக்கலாம். பிரைவேட் ரெப்போவுக்கு (வெளியாருக்குத் தெரியாத நிரல் தொகுப்பு) இலவசக் கணக்கில் இது வராது, மாணவர் என்று பதிந்துகொண்டால் ப்ரோ என்ற கட்டணக் கணக்கு சும்மா கிடைக்கும். ரெப்போ யார் கணக்கில் இருக்கிறது? அவருடையதில் இருந்தால் அவர் மனசு வைத்தால்தான் நடக்கும்.

ஜூரோங்_அக்கா:
பூட்டினால் புஷ் நிற்கும், அவர் உங்களை மதிப்பாரா? நூலகத்தில் ஒரு மேசை பிடித்து இரண்டு பேர் ஒரே லேப்டாப்பில் உட்காருங்கள். நீங்கள் தட்டுங்கள், அவர் பக்கத்தில் இருந்து வாயால் மட்டும் சொல்லட்டும், கீபோர்டில் கை வைக்கக்கூடாது. வேகமாக எழுதுபவர்களுக்கு இது பெரிய சித்திரவதை, ஆனால் தான் ஏன் மாற்றுகிறோம் என்று விளக்கியே ஆகவேண்டும், பாதி இடத்தில் காரணமே இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். அப்படிச் சேர்ந்து எழுதிய கமிட்டின் கடைசி வரியில் கோ-ஆதர்ட்-பை என்று மற்றவர் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்தால் கிட்ஹப் இருவர் பெயரையும் காட்டும், மார்க் நேரத்தில் சண்டை வராது.

இன்னொன்று, குழுவில் தமிழ் தெரியாதவர் இருந்தால் நிரல் பேச்சைத் தமிழில் பேசாதீர்கள். இரண்டு பேர் தமிழில் முடிவெடுத்துவிட்டு மற்ற இருவருக்கு ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்வதை என் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாண்டரினில் நமக்கு அதையே செய்தால் எவ்வளவு எரிச்சல் வருகிறது!

தேக்கா_டீ:
அவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கப்பா. கெடுவுக்கு முந்தின நாள் ஒரேயடியாக ஆயிரம் வரியைக் கொட்டினால் யார் உட்கார்ந்து படிப்பது, கெட்டிக்காரன் தானே திருத்திவிட்டுப் போவான். சின்னச் சின்னதாக அனுப்புங்கள். நிரலின் இடைவெளி, வரிகளை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் அமைப்பையும் நாலு பேரும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு வரி மாற்றத்துக்கு ஃபைல் முழுக்க மாறிய மாதிரி சிவப்பும் பச்சையுமாகத் தெரியும்.

அதற்காக, திறமை இருந்தால் எப்படியும் நடந்துகொள்ளலாம் என்று சொல்லவில்லை. 2005-இல் கிட்டை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு லினக்ஸ் இயங்குதள வேலையிலிருந்து கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார்.

பொங்கோல்_வாசி:
ரீஃப்லாக்கில் லாகின் கிடைத்துவிட்டது, நன்றி அண்ணா! ரெப்போ அவர் கணக்கில்தான் இருக்கிறது. சனிக்கிழமை பீஷான் நூலகத்தில் உட்காரலாம் என்று கேட்டிருக்கிறேன், நீலக் குறி வந்துவிட்டது, பதில் இல்லை. குழுவில் ஒரு மலாய் தோழியும் இருக்கிறார், அவரையும் கூப்பிடலாமா, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை வளைத்துப் பிடித்த மாதிரி இருக்குமா?

ஜூரோங்_அக்கா:
முதல் தடவை நீங்களும் அந்தக் கெட்டிக்காரரும் மட்டும் போங்கள். அவரிடம் லாகினைப் பற்றி மட்டும் பேசுங்கள், பழைய கணக்கெல்லாம் வேண்டாம்.